2147483647: முப்பத்தொரு ஒன்றுகளால் ஆன பகா எண்

கேள்வி: கடை மென்பொருளுக்காக ஒரு டேட்டாபேஸ் டேபிள் போட்டேன். மொபைல் எண் பத்தியில் யாருடைய எண்ணைக் கொடுத்தாலும் 2147483647 என்றே பதிவாகிறது. தேடிப் பார்த்தால் இது ஒரு புகழ்பெற்ற பகா எண் என்கிறார்கள். அது உண்மையா? கணிதத்தில் இதற்கு என்ன சிறப்பு? எந்தெந்த வகைகளில் இது சேரும்?

பதில்:

டேபிள் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அந்தப் பத்தியை நீங்கள் ‘இன்ட்’ வகையில் வைத்திருக்கிறீர்கள். மைஎஸ்கியூஎல்லில் ஸ்ட்ரிக்ட் மோட் போடாமல் இருந்தால், வரம்பை மீறிய எண் வரும்போது அது வேலையை நிறுத்தாது. ஓர் எச்சரிக்கையைக் கொடுத்துவிட்டு, அந்த வகையில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண்ணைப் போட்டுவிடும். இன்ட் வகைக்கு அந்த உச்சம் 2147483647. நம் மொபைல் எண்கள் எல்லாமே 6, 7, 8, 9 ஆகியவற்றில் தொடங்கும் பத்து இலக்க எண்கள். ஒன்றுகூட இதற்குள் அடங்காது. ‘அன்சைன்டு’ என்று மாற்றினாலும் 4294967295 வரைதான் போகும், அதுவும் போதாது. போன் நம்பரை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை, ஆகவே வார்கேர் வகையில் எழுத்தாக வைப்பதுதான் சரி. ஏற்கெனவே பதிவான வரிகளில் அசல் எண் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. பேக்கப்பிலிருந்தோ பழைய பில்களைப் பார்த்தோ மறுபடி ஏற்றத்தான் வேண்டும்.

சரி, எண்ணுக்கு வருவோம். 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. ஆம், இது பகா எண்தான். 1 மற்றும் தன்னைத் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. 2-இல் தொடங்கிப் பகா எண்களை வரிசையாக எண்ணிக்கொண்டே போனால் இது 105097565-ஆவது, அதாவது பத்தரைக் கோடியாவது இடத்துக்குச் சற்று மேலே வரும். இதற்கு முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659.

ஆனால் பத்தரைக் கோடியில் ஒன்று என்பதில் பெருமை ஒன்றும் இல்லை. இதன் பெருமை முழுவதும் இதை எழுதும் ஒரு வடிவத்தில் இருக்கிறது: 2³¹ − 1. பைனரியில், அதாவது 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதினால் முப்பத்தொரு ஒன்றுகள் வரிசையாக நிற்கும், ஒரு சுழியம்கூட இருக்காது. பத்தடிமானத்தில் பார்க்கும்போது 2, 1, 4, 7 என்று ஒழுங்கில்லாமல் தெரிவது நாம் பத்தை வைத்து எண்ணுவதால் மட்டுமே. இலக்கங்களைக் கூட்டினால் 46 வருகிறது, திருப்பி எழுதினால் இரட்டை எண் ஆகிறது என்றெல்லாம் சில பட்டியல்களில் போடுவார்கள். அவை நம் விரல் எண்ணிக்கையைச் சார்ந்த தகவல்கள், எண்ணைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நான் கீழே சொல்லப் போகும் எல்லாமே அந்த 31 ஒன்றுகளிலிருந்து வருபவை.

கம்ப்யூட்டருக்கும் இதற்கும் உள்ள உறவு எளியது. 32 பிட் கொண்ட ஓர் எண்ணில், கூட்டலா கழித்தலா என்று குறி காட்ட ஒரு பிட் போய்விடும். மிச்சம் 31. அவை அனைத்தும் ஒன்றாக இருந்தால் வருவது 2147483647. இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. பகா எண்ணாக இருப்பதால்தான் இதை வரம்பாக வைத்தார்கள் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. 32 என்ற அளவு வன்பொருள் வசதிக்காக வந்தது, அதில் ஒன்று குறைத்தால் 31 என்பது தானாக அமைந்தது. மற்ற அளவுகளைப் பாருங்கள். 8 பிட்டில் உச்சம் 127, அது பகா எண். 16 பிட்டில் உச்சம் 32767, அது 7 × 31 × 151. 64 பிட்டில் உச்சம் 9223372036854775807, அது 7 × 7 × 73 × 127 × 337 × 92737 × 649657. நான்கில் இரண்டு பகா எண், இரண்டு இல்லை. 32 பிட்டுக்கு நல்ல அதிர்ஷ்டம், அவ்வளவுதான். அந்த அதிர்ஷ்டத்தைப் பின்னாளில் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

16-உம் 64-உம் ஏன் தோற்றன என்பதை ஒன்றுகளை வைத்தே பார்க்கலாம். 32767 என்பது பதினைந்து ஒன்றுகள். பதினைந்தை மூன்று மூன்றாகப் பிரித்தால் 111 111 111 111 111 என்று ஐந்து தொகுதிகள் கிடைக்கும். ஒவ்வொரு தொகுதியும் 111, அதாவது 7. ஆகவே முழு எண்ணும் 7-ஆல் வகுபடும். ஐந்து ஐந்தாகப் பிரித்தால் 11111, அதாவது 31, அதனாலும் வகுபடும். 63 ஒன்றுகளுக்கும் இதே கதைதான். ஒன்றுகளின் எண்ணிக்கை பகு எண்ணாக இருந்தால் அந்த எண்ணும் பகு எண்ணாகவே இருக்கும். அப்படியானால் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால் போதுமா? போதாது. 11 பகா எண்தான், ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. ஒன்றுகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருப்பது அவசியம், ஆனால் அது மட்டுமே உத்தரவாதம் அல்ல. இந்த வடிவத்தில் வரும் பகா எண்களுக்குத்தான் மெர்சென் பகா எண்கள் என்று பெயர். 3, 7, 31, 127, 8191, 131071, 524287, அடுத்து எட்டாவதாக நம் எண்.

மாரன் மெர்சென் பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி. 1644-இல் அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார்: 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவை மட்டுமே பகா எண் தரும் என்றார். 67-உம் 257-உம் தவறு. 61, 89, 107 ஆகியவற்றை விட்டுவிட்டார். 31 சரி. ஆனால் இதைச் சொன்ன முதல் ஆள் அவர் அல்ல. இத்தாலியின் பியெத்ரோ கத்தால்தி அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டையும் வகுத்து வகுத்துப் பார்த்துப் பகா எண் என்று நிறுவியிருந்தார். அதோடு நிற்காமல் 23, 29, 31, 37 ஆகியவற்றுக்கும் அப்படியே என்று அறிவித்தார். 23-உம் 37-உம் தப்பு என்று 1640-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா காட்டினார் (2²³ − 1 = 47 × 178481, 2³⁷ − 1 என்பது 223-ஆல் வகுபடும்). 29-உம் தப்பு என்று 1738-இல் ஆய்லர் காட்டினார் (233 × 1103 × 2089). கத்தால்தி அறிவித்த நான்கில் 31 மட்டும் மிஞ்சியது. அது நிஜமாகவே பகா எண்ணா, அல்லது காரணி இன்னும் அகப்படவில்லையா என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

இதைத் தீர்த்தவர் லெயோன்ஹார்ட் ஆய்லர், 1772-இல், பெர்னூலிக்கு எழுதிய ஒரு கடிதத்தில். அப்போது அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார், பார்வையைக் கிட்டத்தட்ட முழுதாக இழந்திருந்தார். அவர் போன வழி எனக்கு மிகவும் பிடித்தது. கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் பள்ளிக் கணிதம் தெரிந்தவருக்கே புரியும், ஆகவே முழுவதும் எழுதுகிறேன்.

ஓர் எண் பகா எண்ணா என்று அறிய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 2147483647-இன் வர்க்கமூலம் 46340-உம் சொச்சமும். அதுவரை சுமார் 4800 பகா எண்கள் உள்ளன. கையால் 4800 முறை பத்து இலக்க எண்ணை வகுப்பது பெரும் பாடு. எல்லாவற்றாலும் வகுக்க வேண்டியதில்லை என்பதுதான் ஆய்லரின் வழி.

‘ப’ என்ற ஒரு பகா எண் நம் எண்ணை வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 2³¹-ஐ ப-வால் வகுத்தால் மீதி 1. இரண்டின் அடுக்குகளை ஒவ்வொன்றாக ப-வால் வகுத்து மீதிகளை எழுதிக்கொண்டே போனால், மீதி 1 என்பது ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். 31-ஆவது இடத்தில் 1 வருவதால் அந்த இடைவெளி 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண், இடைவெளி 1 ஆகவும் முடியாது, ஆகவே இடைவெளி சரியாக 31. மறுபுறம், ஃபெர்மாவின் சிறிய தேற்றம் (ப − 1)-ஆவது இடத்திலும் மீதி 1 வரும் என்கிறது. எனவே ப − 1 என்பது 31-இன் மடங்கு. ப ஒற்றைப்படை, ஆகவே ப − 1 இரட்டைப்படை. இரண்டையும் சேர்த்தால் ப − 1 என்பது 62-இன் மடங்கு. அதாவது காரணி ஒன்று இருந்தால் அது 63, 125, 187, 249... என்ற 62க + 1 (க ஏதாவது ஒரு முழு எண்) வரிசையில்தான் இருக்க முடியும்.

இது ஒரு வடிகட்டல். இன்னொன்றும் உண்டு. 2³¹-இன் மீதி 1 என்றால் 2³²-இன் மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். ஆக, ஒரு வர்க்க எண்ணை ப-வால் வகுத்தால் மீதி 2 வருகிறது. இப்படி நடக்க வேண்டுமென்றால் ப-வை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆக இருக்க வேண்டும் என்பது எண்கோட்பாட்டில் நன்கு தெரிந்த முடிவு. இந்த இரண்டு நிபந்தனைகளையும் பொருத்தினால், காரணி 248க + 1 அல்லது 248க + 63 என்ற இரண்டு வரிசைகளில் ஒன்றில் மட்டுமே இருக்க முடியும். 46340-க்குள் இந்த இரண்டு வரிசைகளிலும் சேர்த்து, பார்த்தவுடனே தள்ளிவிடக்கூடிய 63-ஐ விட்டால், 372 எண்கள். அவற்றிலும் பகு எண்களைத் தள்ளினால் எண்பதைச் சுற்றித்தான் மிஞ்சும்.

வரிசையின் தொடக்கத்தைப் பாருங்கள்: 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303, 1489. இதில் 249 மூன்றால் போகும், 497 ஏழால் போகும், 559 பதின்மூன்றால் போகும், 1241 பதினேழால் போகும். மிஞ்சும் பகா எண்கள் 311, 1303, 1489 மட்டும். ஆயிரத்து ஐந்நூறு வரை மூன்றே மூன்று சோதனைகள்!

முதல் சோதனையை இங்கேயே போட்டுப் பார்க்கலாம். 311-ஆல் வகுத்தால் 2¹⁰ = 1024-இன் மீதி 91. அதை வர்க்கப்படுத்தினால் 8281, அதன் மீதி 195. இது 2²⁰-க்கு. 195 × 91 = 17745, மீதி 18. இது 2³⁰-க்கு. இரட்டிப்பாக்கினால் 36. ஆக 2³¹ − 1-ஐ 311-ஆல் வகுத்தால் மீதி 35. சுழியம் வரவில்லை, 311 காரணி அல்ல. பத்து இலக்க எண்ணைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள், ஐந்து இலக்கத்துக்கு மேல் எந்த எண்ணும் வரவில்லை. இதே மாதிரி மற்றவற்றையும் சோதித்தால் ஒன்றிலும் மீதி சுழியமாக வராது. அப்படித்தான் 2147483647 பகா எண் என்று உறுதியானது. கண் தெரியாத ஒருவர் இதை மனக்கணக்காகவும் சொல்லி எழுதவைத்தும் முடித்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. அதற்கு முன் அறியப்பட்டிருந்த மிகப் பெரிய பகா எண் 6700417. அதையும் கண்டுபிடித்தவர் ஆய்லர்தான், ஃபெர்மா பகா எண் என்று நம்பியிருந்த 2³² + 1-ஐ 641 × 6700417 என்று உடைத்தபோது. நம் எண் அந்த இடத்தைப் பிடித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண்ணாக இருந்தது.

இன்றைக்கு இந்தச் சோதனையை வேறு விதமாகச் செய்வார்கள். எத்வார் லூக்கா 1870-களில் அடித்தளம் போட்டு, டெரிக் ஹென்றி லேமர் 1930-இல் செம்மைப்படுத்திய முறை அது. 4-இல் தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி 2-ஐக் கழிக்க வேண்டும்: 4, 14, 194, 37634, 1416317954... நம் எண்ணைத் தாண்டினால் அதனால் வகுத்து மீதியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். 29 முறை செய்தபின் சுழியம் வந்தால் 2³¹ − 1 பகா எண். வருகிறது. இன்று கோடிக்கணக்கான இலக்கங்கள் கொண்ட மெர்சென் பகா எண்களை உறுதி செய்வதும் இதே முறையில்தான்.

அடுத்து, இதோடு பிறந்த இன்னொரு எண். ஓர் எண்ணைத் தவிர்த்து அதன் மற்ற வகுஎண்களையெல்லாம் கூட்டினால் அந்த எண்ணே திரும்பக் கிடைத்தால் அது செவ்விய எண். 6 = 1 + 2 + 3, 28 = 1 + 2 + 4 + 7 + 14. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு செவ்விய எண்ணைத் தரும் என்று யூக்ளிட் காட்டினார். இரட்டைப்படைச் செவ்விய எண்கள் அனைத்தும் இப்படித்தான் வரும், வேறு வழியில்லை என்று ஆய்லர் காட்டினார். நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128. இது எட்டாவது செவ்விய எண். 1811-இல் ஆங்கிலக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ தன் எண்கோட்பாட்டு நூலில், கண்டுபிடிக்கப்படப் போகும் செவ்விய எண்களில் இதுவே மிகப் பெரியதாக இருக்கும் என்று எழுதினார். பயனில்லாத வெறும் வேடிக்கைக்காக இதைத் தாண்டி யாரும் மெனக்கெடப் போவதில்லை என்பது அவர் காரணம். 1876-இல் லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் என்று நிறுவினார். 1883-இல் ரஷ்யாவின் பெர்வூஷின் 2⁶¹ − 1 பகா எண் என்று காட்டினார்.

நீங்கள் கேட்ட வகைப்பாடுகளுக்கு வருகிறேன். இதில் எல்லாமே ஒரே அளவு சுவையானவை அல்ல. இரட்டைப் பகா எண்ணா? அதாவது இரண்டைக் கூட்டினாலோ கழித்தாலோ இன்னொரு பகா எண் வருமா? இல்லை. 2147483645 ஐந்தில் முடிகிறது, 2147483649 மூன்றால் வகுபடும். ஆனால் அந்த மூன்றால் வகுத்துக் கிடைக்கும் 715827883 தானும் ஒரு பகா எண். (2³¹ + 1) ÷ 3 என்ற இந்த வடிவத்தில் வருபவற்றை வாக்ஸ்டாஃப் பகா எண்கள் என்பார்கள். 31 என்ற ஒரே அடுக்கு இரண்டு பக்கமும் பகா எண் தருகிறது என்பது அரிய பொருத்தம்.

சோஃபி ஜெர்மைன் பகா எண்ணா? அதாவது இரட்டித்து ஒன்றைக் கூட்டினால் மறுபடி பகா எண் வருமா? வராது. வருவது 2³² − 1 = 4294967295, மேலே அன்சைன்டு இன்ட்டின் வரம்பாகச் சொன்ன அதே எண். ஆனால் அது எப்படி உடைகிறது என்று பாருங்கள்: 3 × 5 × 17 × 257 × 65537. இரண்டின் அடுக்கோடு ஒன்றைக் கூட்டிக் கிடைக்கும் ஒற்றைப்படைப் பகா எண்களை ஃபெர்மா பகா எண்கள் என்பார்கள், இதுவரை அறியப்பட்டவை மொத்தம் ஐந்து. அந்த ஐந்தும் இங்கே ஆளுக்கொரு முறை வந்து நிற்கின்றன. அதனால் 4294967295 பக்கங்கள் கொண்ட ஓர் ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு கொள்கையளவில் வரைய முடியும். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்டு வரையக்கூடியவை என்று அறியப்பட்டவற்றில் அதுதான் மிகப் பெரியது.

வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா என்பது இன்னொரு வகைப்பாடு. எந்த முழு எண்ணின் வர்க்கத்தையும் 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 மூன்றில் ஒன்றுதான். இவற்றில் மூன்றை எப்படிக் கூட்டினாலும் 7 மீதியாக வராது, வேண்டுமானால் போட்டுப் பாருங்கள். நம் எண் மூன்று ஒன்றுகளில் முடிவதால் அதன் மீதி 7. ஆகவே இரண்டு வர்க்கங்களாலோ மூன்று வர்க்கங்களாலோ இதை எழுதவே முடியாது. நான்கு வர்க்கங்களால் எந்த எண்ணையும் எழுதலாம் என்பது லக்ராஞ்சின் தேற்றம். நம் எண்ணுக்கு ஓர் உதாரணம்: 46339² + 425² + 10² + 1². கூட்டிப் பாருங்கள்: 2147302921 + 180625 + 100 + 1. சரியாக 2147483647. இதிலிருந்தே இன்னொன்றும் வருகிறது: இது எந்தச் செங்கோண முக்கோணத்தின் கர்ணமாகவும், பக்கங்கள் முழு எண்களாக இருக்கும்பட்சத்தில், அமைய முடியாது. கர்ணமாக அமைய, பகா எண்ணை 4-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். இங்கே 3 வருகிறது.

இப்போது அந்த அதிர்ஷ்டத்தைப் பயன்படுத்திய கதை. 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய குறியுள்ள எண் பகா எண்ணாகவும் இருப்பது, தற்போக்கு எண்களை உருவாக்கும் ஆட்களுக்குப் பெரிய வரப்பிரசாதம். முறை மிக எளிது: ஓர் எண்ணை எடுத்து 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகுத்து மீதியை எடு, அதுதான் அடுத்த எண். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று குலுக்கிப் போட்டதுபோல் எண்கள் வரும். 1969-இல் ஐபிஎம் 360 கம்ப்யூட்டர்களுக்காக இதை முன்வைத்தார்கள். 1988-இல் பார்க், மில்லர் இருவரும் ‘குறைந்தபட்சத் தரம்’ என்று இதைப் பரிந்துரைத்தார்கள். சி++ மொழியில் இன்றும் இது நிலையான நூலகத்தின் ஓர் அங்கம்.

ஏன் 16807? அது 7⁵. ஏன் 7? நம் எண்ணை மட்டாக, அதாவது மீதி காண வகுக்கும் எண்ணாக வைத்து 7-இன் அடுக்குகளை எடுத்துக்கொண்டே போனால், 1 முதல் 2147483646 வரையுள்ள அத்தனை மீதிகளும் ஒவ்வொரு முறை வந்த பிறகுதான் 1 திரும்ப வரும். இந்தத் தன்மை உள்ள மிகச் சிறிய எண் 7. ஐந்தாம் அடுக்குக்கும் இத்தன்மை தொடருமா என்பதற்கு 2147483646 எப்படி உடைகிறது என்று பார்க்க வேண்டும்: 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331. இதில் 5 இல்லை. ஆகவே 7⁵-உம் எல்லா மீதிகளையும் சுற்றி வரும். அதாவது 214 கோடிச் சொச்சம் எண்கள் ஒருமுறைகூடத் திரும்ப வராமல் வந்து தீர்ந்த பிறகே வரிசை மறுபடி தொடங்கும். மட்டு பகா எண்ணாக இல்லாவிட்டால் இந்த முழுச் சுற்று கிடைக்காது. இன்றைய அளவுகோலில் 214 கோடி என்பது சிறிய சுற்றுதான், கடவுச்சொல், ரகசியக் குறியீடு போன்றவற்றுக்கு இதைத் தொடவே கூடாது. ஆனால் விளையாட்டுகளுக்கும் சிறு சிமுலேஷன்களுக்கும் பல பத்தாண்டுகள் இது நன்றாக உழைத்தது.

இன்னொரு வசதியும் உண்டு. இதனால் வகுத்து மீதி காண வகுத்தலே வேண்டாம். 9-ஆல் வகுத்த மீதியை இலக்கங்களைக் கூட்டியே கண்டுபிடிக்கிறோம் அல்லவா, அதே வழிதான். எண்ணை 31 பிட் துண்டுகளாக வெட்டிக் கூட்டினால் போதும். மேலே உள்ள வரிசையில் 282475249-ஐ 16807-ஆல் பெருக்கினால் 4747561509943. இதில் 2³¹ மொத்தம் 2210 முறை அடங்கி, 1622647863 மிஞ்சுகிறது. 2210-ஐயும் 1622647863-ஐயும் கூட்டினால் 1622650073. வரிசையில் மூன்றாவதாக வந்த எண் அதேதான். ஒரு வெட்டு, ஒரு கூட்டல். வகுத்தல் மெதுவாக நடந்த அந்தக் காலக் கம்ப்யூட்டர்களில் இது எவ்வளவு பெரிய லாபம்!

வரம்பாக இந்த எண் தரும் தொல்லைகளைப் பற்றி உங்களுக்கே ஓர் அனுபவம் கிடைத்துவிட்டது, ஆகவே சுருக்கமாக இரண்டு மட்டும் சொல்கிறேன். யூனிக்ஸ் வழிவந்த பழைய 32 பிட் கருவிகள் 1970 ஜனவரி 1 முதல் எத்தனை நொடிகள் கடந்தன என்று எண்ணித்தான் நேரம் காட்டுகின்றன. அந்த எண்ணிக்கை 2147483647-ஐத் தொடுவது 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. அடுத்த நொடியில் திருத்தப்படாத கருவிகள் 1901 டிசம்பருக்குப் போய்விடும். இரண்டாவது, 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787 விமானங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. 248 நாட்கள் தொடர்ந்து மின்சாரத்தை நிறுத்தாமல் வைத்திருந்தால் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் நின்றுவிடக்கூடும், இடையில் நிறுத்திப் போடுங்கள் என்றது. நொடியில் நூறில் ஒரு பங்காக எண்ணிக்கொண்டே போனால் 2³¹-ஐ எட்ட ஆகும் காலம் 248 நாளும் அரை நாளும். கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆய்லரின் வரிசையிலும் 248 வருகிறதே என்று கேட்பீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கடைசியாக, நம் எண் சேரும் வகைகளிலேயே மிகச் சிறிய குடும்பம். 31 தானே ஒரு மெர்சென் பகா எண், ஏனென்றால் 31 = 2⁵ − 1. அந்த 31-ஐ அடுக்காக வைத்து இன்னொரு மெர்சென் பகா எண் கிடைக்கிறது. இப்படி அடுக்கும் மெர்சென் பகா எண்ணாக, விடையும் பகா எண்ணாக அமைபவை இரட்டை மெர்சென் பகா எண்கள். இதுவரை தெரிந்தவை நான்குதான்: 7, 127, 2147483647, அப்புறம் 2¹²⁷ − 1.

அப்படியானால் 2147483647-ஐயே அடுக்காக வைத்தால்? 2-ஐ அத்தனை முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண்ணுக்கு 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் இருக்கும். அதை முழுதாக எழுதிப் பார்த்துச் சோதிப்பது நடக்கிற காரியம் இல்லை. ஆனால் ஆய்லர் 31-க்குப் போட்ட அதே வடிகட்டல் இங்கும் செல்லும். அங்கே காரணி 2 × 31 × க + 1 என்ற வடிவில்தான் இருக்க முடியும் என்று பார்த்தோம். இங்கே 2 × 2147483647 × க + 1. கூடவே 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். க-வுக்கு ஒவ்வொரு மதிப்பாகக் கொடுத்துத் தேடிக்கொண்டே போனதில், க = 68745 என்ற இடத்தில் ஒரு காரணி அகப்பட்டது: 295257526626031. 8-ஆல் வகுத்தால் மீதி 7, ஆய்லரின் இரண்டு நிபந்தனைகளும் பொருந்துகின்றன. ஆகவே அந்த 64 கோடி இலக்க எண் பகா எண் அல்ல.